கடலுக்கு எந்த லென்ஸை எடுத்து வரட்டும்?

கட்டில் முழுக்கச் சாமான் பரப்பிக் கிடக்கிறது, மகளே. உட்கார இடமில்லாமல் தரையில் உட்கார்ந்து, உன் பழைய கல்லூரி நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், மூன்று ஃபிளாஷ், குடை, ஸ்டாண்டு, ட்ரைபாட், எட்டு பேட்டரி, எது எதற்கு என்று தெரியாத சார்ஜர் வயர்கள். வெளியூர்க் கல்யாணம் என்றால் இவ்வளவையும் பதினைந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பையில் அடுக்கிவிடுவேன். நீ மணப்பாட்டுக்கு மூன்று நாள் கூப்பிட்டிருக்கிறாய். நான் நாலு நாளாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். காலையில் உள்ளே போனது சாயங்காலம் வெளியே வந்துவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். "யம்மா, புனே வேலைல சேரதுக்கு முன்னாடி மூணு நாள் கெடச்சிருக்கு. மணப்பாட்டுல ரூம் போட்டுட்டேன். நீயும் நானும் மட்டும். கேமராவ எடுத்துட்டு வா" என்றாய். "எதுக்குட்டி கேமரா, அங்க யாருக்குக் கல்யாணம்?" என்றேன். நீ சிரித்தாய். "யாருக்கும் கல்யாணம் இல்ல. சும்மா எடு. கடலு, படகு, என்னமும் எடு." அப்பா வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, அவரு வந்தா அலைய நிறுத்தி மறுக்கா வரச் சொல்லி வீடியோ எடுப்பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உங்கப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் கேட்டுவிட்டார். இரண்டு நாள் முகம் சரியில்லை.

நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. நீ சொன்ன அந்த 'என்னமும்' என்பதில் நீயும் இருக்கிறாயா? ஆறு வருடமாக நீ என் கேமரா முன்னால் நிற்கவில்லை. சிநேகிதிகளோடு எடுத்துக்கொள்கிறாய், செல்போனில் நீயே எடுத்துக்கொள்கிறாய், அதையெல்லாம் எனக்கு அனுப்பவும் செய்கிறாய். நான் கேமராவைத் தூக்கினால் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய். சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். நீ தண்ணீர்தான் குடித்தாய். இப்போது நீயே கேமராவை எடுத்துவரச் சொல்கிறாய். உன்னை எடுக்கவா, உன்னை விட்டுவிட்டுக் கடலை எடுக்கவா என்பது எனக்குத் தெரியவில்லை. எந்த லென்ஸ் என்ற குழப்பமெல்லாம் இந்த ஒரு குழப்பத்துக்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெரிய நீள லென்ஸ், எழுபது இருநூறு, அதை முதல் நாளே வெளியே எடுத்துவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் நம்மை விடாத கல்யாணங்களில் பந்தலின் கடைசியில் நின்று தாலி கட்டுவதை எடுப்பது அதில்தான். கடற்கரைக்கு அதுதான் வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். தூரத்தில் நின்றுகொண்டு, வலை இழுக்கிறவர்களுக்குத் தெரியாமல் 'இயல்பாக' எடுக்கலாமாம். பறவையை எடுப்பதற்கும் மனிதரை எடுப்பதற்கும் அந்த ஆளுக்கு வித்தியாசமே இல்லை. காலையில் எழுந்து கட்டுமரத்துக்காரர் முதுகைத் திருடிக்கொண்டு வந்து, 'உழைப்பு' என்று தலைப்புப் போட்டு, ஏசி அறையில் உட்கார்ந்து பாராட்டு வாங்குகிற கூட்டம் அது. நான் அந்த வரிசையில் போய் நிற்கமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். அதற்கும் வருகிறேன்.

அடுத்தது, கூட்டப் படம் எடுக்கிற இருபத்துநாலு எழுபது. இது வரும். கடலும் வானமும் மணப்பாட்டு மேட்டில் இருக்கிற சிலுவைக் கோயிலும் இதற்குள் அடங்கும். ட்ரைபாட் வரலாம். கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினால் அலை பால் மாதிரி வரும் என்று அதே யூடியூப்காரர் சொன்னார். அதை உங்கப்பாவிடம் கேட்டேன். "லென்ஸுக்குக் கூலிங் கிளாஸா? அலை அலையா இருந்தா என்ன கேடு உனக்கு?" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது, ஃபில்டர் வேண்டாம். ஃபிளாஷ்களில்தான் திண்டாட்டம். கடலுக்கு எதற்கு ஃபிளாஷ் என்று வெளியே வைத்தேன். வைத்ததும் கேமரா மொட்டையாகத் தெரிந்தது. இருபது வருடமாக முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடித்தே பழகிய கை. இருக்கிற வெளிச்சத்தில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ அப்படி எடுக்க எனக்குத் தெரியுமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

கடைசியாக எண்பத்தைந்து. மூக்கும் முழியும் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகிற மாதிரி எடுக்கிற லென்ஸ். முகம் எடுப்பதைத் தவிர அது வேறெதற்கும் ஆகாது. அதைப் பையில் வைத்தால், நீ பையைத் திறந்த உடனே என் மனதில் இருப்பது உனக்குத் தெரிந்துவிடும். வைக்காமல் வந்து, அங்கே நீயே "எடும்மா" என்று நின்றுவிட்டால்? இதுவரை ஏழு தடவை உள்ளே வைத்து ஏழு தடவை வெளியே எடுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்த உங்கப்பா, "அது என்ன சாமியா, உள்ள வச்சு வெளிய எடுக்க? அத விட்டுட்டுப் போ. உப்புக்காத்துல பூஞ்சை புடிச்சிரும். அடுத்த வாரம் சேத்தூர்ல வளைகாப்பு கெடக்கு" என்றார். அவருக்கு லென்ஸ் கவலை. பூஞ்சைக்கு நான் வழி வைத்திருக்கிறேன். செருப்புப் பெட்டிகளில் வருமே, சின்னச் சின்ன ஜெல் பொட்டலம், அதில் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறேன். கேமராவை மூடக் குளியல் தொப்பி இருக்கிறது. மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றக்கூடாது, அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், எல்லாம் படித்துவிட்டேன். உப்பிலிருந்து லென்ஸைக் காப்பாற்றிவிடுவேன். மற்றதில்தான் பயம்.

உனக்கும் எனக்கும் நடுவில் நடந்ததை நாம் பேசியதே இல்லை. நீ புனேவுக்குப் போன பிறகு பேச நேரம் கிடைக்காது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வயதில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணமாகி வந்தேன். பத்தொன்பதில் நீ பிறந்தாய். உங்கப்பா கோர்ட்டுக்குப் போகிற தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். சடங்கு வீடுகளில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் பெண்கள் மட்டும்தான் நிற்பார்கள், ஆண்களுக்கு வேலையில்லை. ஒரு வீட்டில் உங்கப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கூடப் போயிருந்த என் கையில் கேமராவைத் திணித்து, "இந்தா, இத அமுக்கு. மிச்சத்த அதுவே பாத்துக்கிடும்" என்று உள்ளே தள்ளினார். நான் போட்டோகிராபர் ஆனது இப்படித்தான். கலை ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. உள்ளே போக ஒரு பெண் தேவைப்பட்டாள், அவ்வளவுதான். பிறகு கை பழகியது. கம்ப்யூட்டர் வந்ததும் ஆல்பம் வேலையும் நானே கற்றுக்கொண்டேன். அதில் முதல் பாடமே முகத்தை வெள்ளையாக்குவதுதான். முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து வெளிச்சத்தை ஏற்ற வேண்டும், மஞ்சளைக் குறைக்க வேண்டும், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்ற வேண்டும். கழுத்தும் கையும் அதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் முகமூடி மாட்டியது போல் இருக்கும். அதில் நான் கெட்டிக்காரி. "அந்தம்மா கை வச்சா புள்ள பளிச்சுன்னு வரும்" என்று பேர் வாங்கினேன். யார் யார் இப்படிக் கேட்பார்கள் என்று சாதி பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆற்றுத் தண்ணீரிலிருந்து சுடுகாடு வரை எல்லாவற்றிலும் வெட்டுக்குத்துக்கு நிற்கிற ஊர், கறுப்புத் தோல் வேண்டாம் என்ற ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக நிற்கிறது.

உனக்குப் பதின்மூன்று வயதில் நம் வீட்டிலேயே சடங்கு வந்தது. உன் மாமா ராஜபாளையத்திலிருந்து சீர்த்தட்டு வரிசையோடு வந்தான். போட்டோகிராபர் வீட்டு விசேஷம் என்பதால் படம் மற்ற வீடுகளைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று உங்கப்பாவுக்கு வீம்பு. எனக்கும்தான். நீ வயிற்று வலியோடு, நகை உறுத்துகிறது என்று சொன்னாய். "செத்த நேரம் பொறுத்துக்கோட்டி, இந்த ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி அறுபது எழுபது படம் எடுத்தேன். அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் போட்டு, உன் முகத்தைப் பிரித்து, வெளிச்சத்தை ஏற்றினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. உன் மாமாவோ அப்பாவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதைப் பெற்ற பிள்ளைக்கும் செய்தேன். இன்னும் கொஞ்சம் கூடவே செய்தேன். நம் பிள்ளை அல்லவா என்று.

ஆல்பம் வந்த அன்று நீ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாய். பிறகு போய்க் கண்ணாடி முன்னால் நின்றாய். அந்த வாரத்தில் முகப்பவுடர் டப்பா காலியானது. அடுத்த வாரம் இன்னொன்று. பள்ளிக்கூடம் கிளம்பும்போது உன்னைப் பிடித்து நிறுத்தி, "என்னட்டி இது, செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல?" என்று கேலி செய்தேன். உங்கப்பாவும் சிரித்தார். நீ தாவணி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாய். உன் முகத்துக்கு முதலில் சுண்ணாம்பு அடித்தவள் யார் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. முட்டாள்தனம் என்று இதைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. முட்டாளுக்குக் கண்ணில் படாது. எனக்குக் கண்ணில் பட்டது. பட்டும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஆல்பம் நன்றாக வந்திருந்ததால் அதைக் கடையில் சாம்பிளாக வைத்தோம். ஐந்து வருடம் வருகிற போகிற குடும்பமெல்லாம் உன்னைப் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுத்தார்கள். உன்னைக் கேட்டோமா என்று கேட்காதே. கேட்கவில்லை.

பிறகு அந்த நாள். நீ கல்லூரி லீவுக்கு வந்திருந்தாய். கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாய். ஒரு அம்மா தன் மகளோடு வந்திருந்தார். மகள் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா சாம்பிளைப் புரட்டி, உன் படத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, இந்தப் புள்ள மாதிரி வரணும் மேடம். என்னா கலரு பாருங்க. எங்க புள்ள கொஞ்சம் மங்கல். இம்புட்டுக்குக் கொண்டுவந்துருவியளா?"

"கொண்டுவந்துரலாம்க்கா," என்றேன் நான்.

நீ கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாய். "அது நான்தான்" என்றாய். பின்னால் நின்ற அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னாய். அது இன்று வரை எனக்கு நினைவிருக்கிறது.

அந்த அம்மா உன்னைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். "சும்மா கெட தாயி" என்று சிரித்தார். "வேலைக்கு வச்ச புள்ள எம்புட்டுக் குசும்பு பேசுது பாருங்க மேடம்!"

நானும் சிரித்தேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். 'ஆமாக்கா, இது என் மக' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆல்பத்தில் இருக்கிற பிள்ளை பொய் என்று தெரிந்துவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று என் வாய் தானாகவே கணக்குப் போட்டுச் சிரித்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து மிச்சப் போட்டோக்களை வெட்டி முடித்தாய், ஒன்றுகூடக் கோணலாக இல்லை. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது சாம்பிள் ஆல்பத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இதுல இருக்கற புள்ளைய நீயே வச்சுக்கோம்மா. என்னைய இனிமே எடுக்காத" என்றாய். கத்தவில்லை, அழவில்லை. மறுநாள் வழக்கம்போல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய். சரி, பிள்ளை மறந்துவிட்டாள் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்குக் கேமராவைத் தூக்கினேன். நீ தண்ணீர் குடிக்கப் போனாய்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பொய். நானாக யாரையும் வெள்ளையாக்குவதை நிறுத்தினேன், அது உண்மை. ஆனால் கேட்டால் செய்கிறேன். எல்லோரும் கேட்கிறார்கள். போன மாதம்கூட ஒரு நிச்சயதார்த்த ஆல்பத்தில் கல்யாணப் பெண்ணை இரண்டு படி ஏற்றிக் கொடுத்தேன். முடியாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அப்பம் எதுக்கும்மா கடை வச்சிருக்கிய?" என்று கேட்டுவிட்டு, நாலு கடை தள்ளி இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனார்கள். உங்கப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊரைத் திட்டிக்கொண்டே ஊர் கேட்பதைச் செய்து கொடுக்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. நீ புனேவில் வேலைக்குப் போய், மேலே இருப்பவர்கள் சொன்னதற்குத் தலையாட்ட வேண்டிய நாள் வரும்போது, அம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறாள் என்று இந்தக் கடிதத்தைத் தேடாதே. என்னிடம் வழி இல்லை. ஒன்றுதான் சொல்ல முடியும். பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து யாராவது சிரித்தால், சேர்ந்து சிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் வாயை மூடு. எனக்கு அந்த ஒரு நிமிடம் தெரியாமல் போனதில் ஆறு வருடம் போய்விட்டது.

புதன்கிழமை ஒரு கூத்து நடந்தது. கடலைச் 'சும்மா' எடுப்பதற்குப் பழக வேண்டும் என்று, விடிகாலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பெரிய கண்மாய்க் கரைக்குப் போனேன். தண்ணீர் பாதிக்குக் கிடந்தது, பின்னால் மலை. நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். என்ன எடுப்பதென்று தெரியவில்லை. கல்யாணத்தில் எனக்கு ஒரு பட்டியல் உண்டு. பெண் அழைப்பு, மாலை மாற்றல், தாலி, மெட்டி, மாமன் சீர். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வரும். கண்மாயில் எதுவும் அடுத்தது என்று வரவில்லை. கொக்கு ஒன்று நின்றது. அதைப் பார்த்து என் வாய், "செத்த இங்கிட்டுத் திரும்புங்க" என்று முனகியது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "என்ன மேடம், அவுட்டோரா? பொண்ணு மாப்ள எங்க?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

அப்போது கரையோரம் ஒரு பெண் புல்லறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். முகத்தில் பக்கவாட்டு வெயில் விழுந்து, கறுப்புக் கன்னம் அப்படியே எண்ணெய் பூசிய கல் மாதிரி மின்னியது. கேமரா தானாகக் கண்ணுக்கு ஏறியது. எண்பத்தைந்து மாட்டியிருந்தேன். பட்டனை அமுக்கப் போகும்போது அவர் நிமிர்ந்தார்.

"ஏத்தா, யாரக் கேட்டு எடுக்க?"

இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேமராவை இறக்கிவிட்டு, "தப்புதான்க்கா. எடுக்கட்டுமா?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "வேண்டாம்" என்றார்.

"சரிக்கா."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. "எந்த ஊரு? இந்த நேரத்துல தனியா என்ன பண்ணுதிய?" என்று கேட்டார். மகள் கடலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், என்ன எடுப்பதென்று தெரியவில்லை, பழகிப் பார்க்க வந்தேன் என்றேன். "மக கூப்பிட்டா மகளப் பாக்கப் போங்க. கடலு என்ன, எங்கிட்டும் ஓடிரவா போவுது?" என்று சொல்லிவிட்டு, "இந்தப் புல்லுக்கட்டச் செத்த தூக்கி விடுங்க" என்றார். தூக்கி விட்டேன். அவர் போனபின் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனை பெண் பிள்ளைகளை எடுத்திருப்பேன்! அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், தாய்மாமனிடம் கேட்டிருக்கிறேன், மண்டபத்துக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிலபேர் வேண்டாம் என்றிருப்பார்கள். அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் நீ மறுபடி போன் செய்தாய். என்ன லென்ஸ் எடுத்துவர என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "உனக்கு எது புடிக்குமோ அத எடுத்துட்டு வா" என்றாய். எனக்கு எது பிடிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எது வேலைக்கு ஆகும் என்றுதான் தெரியும். பிறகு போகிற போக்கில், "உன் அரக்குச் சேலை இருக்குல்ல, அதையும் எடுத்து வையி, நான் கட்டிக்கிடுதேன்" என்றாய். நீ சேலை கட்டி இரண்டு வருடம் ஆகிறது. கடற்கரைக்கு எதற்கு அரக்குச் சேலை? உங்கப்பாவைக் கேட்டேன். "சேலைய எதுக்குக் கேப்பாக? கட்டத்தான் கேப்பாக" என்றார். இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். படம் எடுத்துக்கொள்ளத்தான் சேலை கேட்கிறாள் என்று ஒரு மனம் சொல்கிறது. அப்படி நினைத்துக்கொண்டு போய்க் கேமராவைத் தூக்கி, நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் என்ன செய்வது என்று இன்னொரு மனம் சொல்கிறது. மகள் சொல்லாத சொல்லுக்கு நானாக அர்த்தம் போட்டுக்கொண்டால், அதுவும் பழைய வேலைதான். கம்ப்யூட்டர் இல்லாமல் செய்கிறேன் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் ஊகிப்பதை விட்டுவிட்டேன். இந்தத் தாள்களைச் செல்போனில் எடுத்து இன்று ராத்திரியே உனக்கு அனுப்பிவிடுகிறேன், படித்தபின் பதில் சொல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை, அதைக் கேட்டு நான் இதை எழுதவில்லை. சரி என்று நீ சொன்னால், இருக்கிற வெயிலில் இருக்கிறபடி எடுப்பேன், எடுத்து முடித்ததும் கேமராவின் மெமரி கார்டை அங்கேயே கழற்றி உன்னிடம் கொடுத்துவிடுவேன். நீ பார்த்துக்கொள், நீ வைத்துக்கொள், பிடிக்காததை அழித்துவிடு. ஒரு படம்கூட என் கம்ப்யூட்டருக்குள் வராது. இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர யாரும் படிக்கலாமா என்பதையும் நீயே முடிவு செய். வேறு யார் கண்ணிலாவது இது பட்டால், நீ சரி என்று சொல்லியிருக்கிறாய் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எண்பத்தைந்து உள்ளேயா வெளியேயா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அது நான் முடிவு செய்கிற விஷயமே இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் பஸ். அதற்குள் சொன்னால் போதும்.

உன்னைப் படம் எடுக்கட்டுமா?

வேண்டாம் என்றாலும் வருவேன். கடலை எடுக்கத் தெரியாது. ஆனாலும் வருவேன்.

அம்மா